புதுப்பிப்பு: ஸ்விஃப்டா, டர்போ வென்யூவா? முடிவெடுத்தாச்சு

எட்டு வருட மாருதி ஸ்விஃப்ட் காரைக் கொடுத்துவிட்டு ஹூண்டாயின் டர்போ வென்யூ எடுக்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். (டர்போ என்பது எஞ்சின் புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் விசிறி.) பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்குத் தினமும் போய்வர ஸ்விஃப்ட் இன்றும் போதும். ஆனால் வென்யூவின் 998 சிசி எஞ்சின் 172 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை, அதாவது இழுக்கும் பலத்தை, நிமிடத்துக்கு 1500 சுற்றிலேயே தருகிறது, திருப்பத்தூர் சாலையில் லாரியை முந்த கியரைக் குறைக்கவே வேண்டியிருக்கவில்லை. அந்தச் சுற்றுக்குக் கீழே, டர்போ வேகமெடுக்கும்வரை கொஞ்சம் மந்தம்தான், செக்காலை ரோட்டு நெரிசலில் நன்றாகவே தெரிந்தது.

சரி, மனதை மாற்றியது அப்பத்தாதான். மூட்டுவலிக்காக மாதாமாதம் மதுரைக்குக் கூட்டிப்போகிறேன், ஸ்விஃப்டில் ஏறி இறங்க இரண்டு பேர் கைகொடுக்க வேண்டும். வென்யூவில் இருக்கை உயரம் என்பதால் கதவைப் பிடித்துக்கொண்டு தானாகவே உட்கார்ந்து, "இது நல்லாருக்குப்பா" என்றார். அன்றைக்கே முன்பணம் கட்டிவிட்டேன்.

ஸ்விஃப்ட் தம்பிக்கு. அப்புறம், டர்போவின் தாங்கிகள் (பேரிங்) எஞ்சின் ஆயிலை நம்பித்தான் சுழல்கின்றன, அதனால் ஆயில் மாற்றுவதை ஒருநாளும் தள்ளிப்போடாதே என்று மெக்கானிக் அண்ணன் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.