மறு: ஆர்கன் ஆர்வலர்களின் ஆண்டுக் கூட்டத்துக்கு ஒரு சொல் – 'குழல்வலம்'

மடற்குழு அன்பர்களுக்கு வணக்கம்.

காற்றால் குழல்கள் ஒலிக்கும் பெரிய இசைக்கருவியான ஆர்கனையும் அதைப் பேணுவோரையும் பற்றிய கட்டுரைக்கு, நம் குழுவைச் சேர்ந்த ஓசூர் அம்மா அவர்கள் அனுப்பிய மொழிபெயர்ப்பு வரைவை அச்செடுத்து மேசைமேல் வைத்திருந்தேன். 'வரலாற்றுக் குழாய் உறுப்புகள் பாதுகாப்பு ஆர்வலர்களின் ஆண்டு மாநாடு' என்ற தலைப்பைப் பார்த்த என் மகள், சிறுநீரக தானத்துக்குத் தருமபுரியில் முகாம் போடுகிறார்களா என்று கேட்டாள். முதல் வரைவை இயந்திரம்தான் செய்தது என்று அம்மா முன்பே சொல்லிவிட்டார்கள். ஆகவே குற்றம் அவர்களுடையதன்று. ஆனால் திருத்த உட்கார்ந்தபோது, அந்தத் தலைப்பில் ஒன்றிரண்டு சொற்களைத் தவிர வேறெதுவும் நிற்காது என்று தெரிந்தது.

ஆர்கனை 'உறுப்பு' என்று இயந்திரம் பெயர்த்தது பற்றி விவாதமே வேண்டாம். கருவி என்று பொருள்படும் ஒரே கிரேக்கச் சொல்லிலிருந்து உடலுறுப்பும் இந்த இசைக்கருவியும் ஐரோப்பிய மொழிகளில் பெயர் பெற்றன. அந்த உறவு தமிழில் இல்லை. 'குழாய்' என்றால் எங்கள் ஊரில் ஒகேனக்கல் தண்ணீர் வரும் குழாய்தான். குழாயடி என்றதும் குடங்களும் சண்டையும் நினைவுக்கு வருமே தவிர இசை வராது. 'குழல்' என்பதில் எல்லோரும் உடன்பட்டது நல்லது.

> குழற்பேழை என்று வைக்கலாம். பேழை என்றால் அழகிய பெட்டி. (சேலத்து நண்பர்)

இதை நான் ஏற்கத் தயங்குகிறேன். இந்தக் கருவி பெரும்பாலும் நிற்பது கிறிஸ்தவ ஆலயத்துக்குள். அங்கே பேழை என்றால் திருவிருந்து அப்பத்தை வைக்கும் நற்கருணைப் பேழை என்று கத்தோலிக்கர் அனைவரும் அறிவர். 'பேழையைத் திறந்து துடைத்தார்கள்' என்று எழுதினால் எதைத் திறந்தார்கள் என்ற குழப்பம் வரும். கிருஷ்ணகிரித் தமிழாசிரியர் ஐயா முன்வைத்த 'குழலியம்' அழகான ஆக்கம். இயம் என்றால் இசைக்கருவி; பல்லியம், இன்னியம் ஆகிய பழஞ்சொற்களின் வழியே வந்தது. ஆனால் பெண்ணியத்துக்கும் மார்க்சியத்துக்கும் பழகிய இன்றைய வாசகர் குழலியத்தையும் ஒரு கொள்கை என்றே படிப்பார். 'ஆர்கன்' என்று மட்டும் விடவும் முடியாது; நம் பக்கத்துப் பாடற்குழுக்களில் மின் கீபோர்டையே ஆர்கன் என்கிறார்கள், ஆர்மோனியத்தைப் பெட்டி என்கிறார்கள். எனவே குழலார்கன் என்பதே என் தெரிவு. ஆர்மோனியத்தை அப்படியே வாங்கிக்கொண்ட மொழிக்கு ஆர்கன் பாரமாகாது. 'குழல்' சேரும்போது மற்ற இரண்டிலிருந்தும் அது பிரிந்துவிடும். ஆர்மோனியத்தில் பித்தளை நாக்குகள் ஒலிக்கின்றன. இங்கே ஒவ்வொரு சுரத்துக்கும் ஒவ்வொரு ஒலிநிறத்துக்கும் தனிக் குழல் உண்டு. பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்தின் பெரிய ஆர்கனில் ஏறத்தாழ 8,000 குழல்கள் இருக்கின்றன. 2019 தீவிபத்தில் அவை எரியாமல் தப்பின. ஆயினும் ஈயத்தூள் படிந்ததால் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று.

பாகங்களுக்கு வருகிறேன். காற்றூட்டும் பாகத்துக்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம், துருத்தி இருக்கிறது. நான் சிறுவனாக இருந்தபோது பென்னாகரம் சாலையோரத்தில் ஒரு கொல்லுப்பட்டறை இருந்தது. கொழுவைக் காய்ச்சி அடித்துத் தரும்வரை அங்கே காத்திருப்போம். துருத்திக் கயிற்றை இழுத்தால் கரி சிவக்கும், விட்டால் மங்கும். உலை மூச்சுவிடுவதுபோல் தோன்றும். அடுப்புக்கு அந்த ஏற்ற இறக்கம் பொருட்டில்லை. இசைக்கு அது ஆகாது. காற்றின் அழுத்தம் சற்றே தளர்ந்தாலும் சுரம் நடுங்கும். ஆகவே துருத்தி தள்ளும் காற்று முதலில் ஒரு தோல்மடிப்பு அறைக்குள் போய்த் தேங்குகிறது. அதன் மேல்பலகையில் செங்கல்லையோ இரும்புக்கட்டியையோ ஏற்றி எடைவைத்து, அழுத்தம் மாறாமல் காக்கிறார்கள். வளைந்த கண்ணாடிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, அது எவ்வளவு உயர்கிறது என்று பார்த்தே அந்த அழுத்தத்தை அளக்கிறார்கள். பல கருவிகளில் அது 70 முதல் 80 மில்லிமீட்டர் நீருயரம்தான். தள்ளுவதைத் துருத்தி என்றும் தேக்குவதைக் காற்றுத்தேக்கம் என்றும் பிரித்து வழங்கலாம்.

வரைவில் என்னை மிகவும் சிரிக்கவைத்தது '8 அடி நிறுத்தம்'. ஆங்கிலத்தில் 'ஸ்டாப்' எனப்படும் பாகத்தை இயந்திரம் அப்படிப் பெயர்த்திருந்தது. பேருந்து நிறுத்தமோ என்று நினைத்தேன். அந்தப் பாகத்தின் வேலையைப் பார்த்தால் சொல் தானாக வரும். துளையிட்ட நீண்ட மரப்பட்டை ஒன்று குழல் வரிசையின் அடியில் கிடக்கிறது, வாசிப்பவர் குமிழை இழுத்தால் பட்டை நகர்ந்து துளைகள் குழற்காலோடு நேர்ப்படும், அந்த வரிசைக்குக் காற்று ஏறும், தள்ளினால் அடைபடும். நம் ஏரிக்கரையில் மதகுப் பலகையை ஏற்றி இறக்கி எந்த வாய்க்காலுக்குத் தண்ணீர் விடுவது என்று தீர்மானிப்பதும் இதேதான். ஆகவே மதகு என்கிறேன். '8 அடி மதகு' என்றால், கீழ்ச்சுரத்தின் திறந்த குழல் ஏறக்குறைய 8 அடி நீளமுள்ள வரிசை. நீர்ப்பாசனச் சொல்லை இசைக்கு இழுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி: கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் க்டெசிபியஸ் செய்த முதல் ஆர்கன், காற்றழுத்தத்தைத் தண்ணீரால் நிலைநிறுத்தியது. அதன் கிரேக்கப் பெயரிலேயே நீரும் குழலும் சேர்ந்திருக்கின்றன, ஹைட்ராலிக் என்ற பொறியியல் சொல்லின் வேரும் அங்கேதான். நம்மிடமும் ஒரு 'தூம்பு' உண்டு. பழம்பாட்டில் அது ஊதுகருவி, ஏரிக் கல்வெட்டில் நீர் வெளியேறும் வழி. இரண்டு துறைகளுக்கும் பொதுவான சொல் நமக்குப் புதிதல்ல.

இனி இந்த இழைக்குக் காரணமான சொல்லுக்கு வருகிறேன். ஜெர்மனியில் 1951-இலும், அமெரிக்காவில் 1956-இலும், பிரிட்டனில் 1976-இலும், ஆஸ்திரேலியாவில் 1977-இலும் பழைய ஆர்கன்களுக்கான சங்கங்கள் தோன்றின. அமெரிக்காவின் ஆர்கன் ஹிஸ்டாரிக்கல் சொசைட்டி பிறந்ததற்குக் காரணம் கோபம் என்றே சொல்லலாம். விசைக்கட்டையைக் காற்றுக் கதவோடு மரச்சட்டங்களால் இணைத்து 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய இயக்கக்கோல் ஆர்கன்களைப் பழசு என்று கழற்றியெறிந்து, மின்னியக்கக் கருவிகளை வைப்பது அங்கே வழக்கமாகியிருந்தது. எங்கே எது மிச்சமிருக்கிறது என்று கணக்கெடுக்கவும், தூக்கிப்போடாதீர்கள் என்று ஊர் ஊராகச் சொல்லவும் அவர்கள் கூடினார்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஒரு வட்டாரத்தைத் தேர்ந்து, பல நாள்கள் பேருந்தில் ஆலயம் ஆலயமாகப் போகிறார்கள். ஒவ்வோரிடத்திலும் ஒருவர் அந்தக் கருவியின் மதகுகளை ஒவ்வொன்றாகத் திறந்து அதன் குரலைக் காட்டுகிறார். வந்தவர்கள் அதன் துணையோடு ஒரு கீதத்தைப் பாடுகிறார்கள். பிறகு அடுத்த ஊர்.

இதை மாநாடு என்றால் நம் வாசகர் பந்தலையும் பதாகையையும் மேடையில் வரிசை நாற்காலிகளையும்தான் காண்பார். 'உலா' என்று ஒருவர் எழுதியிருந்தார். உலாவில் தெய்வமோ அரசனோ வெளியே வருவார், நாம் வாசலில் நின்று பார்ப்போம். இங்கே முறை தலைகீழ். கருவி அசையாது, பார்ப்பவர்தான் போகவேண்டும். அசையாததற்குக் காரணமும் உண்டு: குழல்களின் வாயை அறுத்துச் செப்பனிடும்போதே அந்தக் கட்டடத்தின் எதிரொலியைக் கேட்டுக் கேட்டுத்தான் குரல் அமைக்கிறார்கள்; வேறு கூரையின்கீழ் அதே குழல் அதே குரலில் பேசாது. நம் இரு மாவட்டங்களிலும் நாம் ஞாயிற்றுக்கிழமைகளில் தேடிப்போகும் நடுகற்களும் இப்படித்தான். அருங்காட்சியகத்தில் வரிசையாக நிற்கும் கல்லைவிட, கம்பங்கொல்லை ஓரத்தில் சாய்ந்து நிற்கும் கல் அதிகம் பேசுகிறது. நிற்பது நிற்க, நாம் சென்று சுற்றி வருவதற்குத் தமிழில் 'வலம்' என்று பெயர். ஆகவே குழல்வலம். ஆண்டுக் குழல்வலம், குழல்வலத்தார், குழல்வலக் கையேடு என்று கிளைக்கவும் இடம் தருகிறது.

'பாதுகாப்பு' என்ற சொல்லையும் மாற்றவேண்டும். அது காவலர் நிற்பதையே குறிக்கும். 'பேணல்' என்போம். பேணலும் புதுப்பித்தலும் ஒன்றல்ல என்பதை நான் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டேன். திருப்பணி என்ற பெயரில் ஒரு பழைய கோயிலில் மணல்வீச்சு நடந்தது. தூண் பளிச்சென்று ஆயிற்று, முந்தைய ஆண்டு நான் விரலால் தடவிப் படித்த கல்வெட்டு வரி மழுங்கிப்போயிற்று. சுருதி உயர்த்துவதற்காகப் பழைய குழல்களை வெட்டிக் குறைத்ததும் இத்தகைய புதுப்பித்தலே. பேணலில் எதிரி பல சமயம் கருவிக்குள்ளேயே இருப்பான்: ஓக் மரத்திலிருந்து கசியும் அசிட்டிக் அமிலம் ஈயக் குழல்களை அரிக்கிறது. ஜெர்மனியின் லூபெக் நகரத்து யாக்கோபு ஆலயத்தின் ஸ்டெல்வாகன் ஆர்கன் இப்படித்தான் அரிபட்டு, ஐரோப்பிய ஆய்வுத்திட்டம் ஒன்றுக்கே காரணமாயிற்று.

திருத்திய தலைப்பு: 'பழைய குழலார்கன்களைப் பேணும் ஆர்வலர்களின் ஆண்டுக் குழல்வலம்.' கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

தருமபுரியிலிருந்து,
அன்புடன்

– – –

கிருஷ்ணகிரி ஐயா எழுதியது:

> குழலியம் போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் வலம் பற்றி இரண்டு ஐயங்கள். வலம் என்பது ஒன்றையே சுற்றுவது. கிரிவலம் வருகிறவர் ஒரு மலையைத்தான் சுற்றுகிறார். இவர்களோ முப்பது கருவிகளைப் பார்க்கிறார்கள். இரண்டாவது, கருவி அசையாது என்கிறீர்கள். பிலிப்பைன்ஸின் லாஸ் பினாஸ் மூங்கில் ஆர்கன் ஜெர்மனிக்கே போய்வந்ததே?

ஐயா அவர்களுக்கு வணக்கம்.

முதல் ஐயத்துக்கு நகர்வலம் விடை தரும் என்று நினைக்கிறேன்; அரசன் மாறுவேடத்தில் தெருத்தெருவாகப் போனதற்கும் அந்தச் சொல்தான் வழங்குகிறது, ஒரே கம்பத்தை அவன் சுற்றவில்லை. மேலும் அந்தச் சொல்லில் சமயச் சாயலும் இல்லை. ஆலயத்தாருக்கும் அல்லாதாருக்கும் பொதுவாக நிற்கும்.

இரண்டாவது எடுத்துக்காட்டை நீங்கள் எழுப்பியது எனக்கு மிகவும் பயன்பட்டது. டியேகோ செரா என்ற பாதிரியார் 1824-இல் முடித்த அந்த ஆர்கனில் 1,031 குழல்கள். அவற்றுள் 902 மூங்கில். பூச்சி அரிக்காமலிருக்க மூங்கிலை வெட்டி மணலில் புதைத்துப் பதப்படுத்தினாராம். 1973-இல் அதைப் பிரித்து பான் நகரப் பட்டறைக்கு அனுப்பி, 1975-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். அது வைத்தியத்துக்குப் போன பயணம். பிழைத்ததும் தன் கூரையின் கீழேயே வந்து நின்றது. ஆனால் அங்கே ஆண்டுதோறும் நடப்பது வேறு வகை என்பதை நான் கவனிக்கத் தவறிவிட்டேன். ஒரே கருவியைச் சுற்றி ஊரும் விருந்தினரும் கூடிப் பல நாள் இசை கேட்கிறார்கள். யாரும் அடுத்த ஆலயத்துக்குப் பேருந்து ஏறுவதில்லை. அதற்குக் குழல்வலம் பொருந்தாது, குழல்விழா என்போம். அம்மா அவர்களின் கட்டுரையில் இரண்டு வகையும் வருவதால் இரண்டு சொற்களும் தேவைப்படும்.

இன்னும் ஒன்று பாக்கியிருக்கிறது. விசைப்பலகையின் கட்டையையும் காற்றுக் கதவையும் இணைக்கும் மெல்லிய மரச்சட்டத்தை நான் போகிற போக்கில் இயக்கக்கோல் என்று எழுதிவிட்டேன். 'இழுகோல்' அதைவிடப் பொருந்தும் என்று இப்போது தோன்றுகிறது, ஏனெனில் அது தள்ளுவதில்லை, இழுக்கவே செய்கிறது. அமெரிக்கச் சங்கத்தின் இதழுக்கு இந்தப் பாகத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள். இதழ்ப் பெயரை ட்ராக்கர் என்று ஒலிபெயர்த்துவிட்டுப் பாகத்துக்கு மட்டும் தமிழ்ச்சொல் தரலாம். மிதித்தால் இழுபடும் இத்தகைய சட்டங்கள் கைத்தறியில் உண்டு. நெசவாளர்களிடம் வழங்கும் பெயர் என்னவென்று சேலத்து நண்பர் கேட்டு எழுதினால், அதையும் பார்த்துவிட்டுப் பட்டியலை முடித்து ஓசூருக்கு அனுப்பலாம்.