மாங்குளம் ஸ்டேசன் மாடல்: பனை, தண்டவாளக் கல்லு எல்லாம் குறைஞ்ச செலவில் எப்படிச் செய்யலாம்?

பரந்தன் பொடியன்:
வணக்கம். கனடா மாமா போன வருசம் ஒரு எச்ஓ ரயில் செட் கொண்டுவந்து தந்தார். 1:87 அளவு, அதாவது அசல் ரயிலில் 87இல் ஒரு பங்கு. ஆறடிக்கு இரண்டடி பிளைவூட் பலகையில் தண்டவாளம் போட்டுவிட்டேன். மாங்குளம் ஸ்டேசன் பக்கத்தைச் செய்ய ஆசை. செட்டோடு வந்த ஆறு மரமும் ஊசியிலை மரங்கள், அதில் இரண்டில் பனி வேறு ஒட்டியிருக்கிறது! எனக்குப் பனை வேணும், கிறவல் ரோட்டு வேணும், தண்டவாளத்துக்குக் கல்லு வேணும். ஒன்லைனில் ஒரு பைக்கற் கல்லின் விலையைப் பார்த்துவிட்டு போனை மூடிவைத்தேன். குடித்த தேயிலைத் தூளை மண்ணாகத் தூவிப் பார்த்தேன், இரண்டாம் கிழமை பூஞ்சணம் பிடித்துவிட்டது. யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

பழைய தச்சன்:
தம்பி, பிழை தேயிலையில் இல்லை, ஈரத்தில். தகரத்தில் பரப்பி இரண்டு நாள் வெயிலில் விடும். பிறகு தாச்சியில் எண்ணெய் இல்லாமல் ஒரு பிரட்டு. அதன் பிறகுதான் பைண்டர் கம், அந்தத் தண்ணீரில் கரைகிற வெள்ளைப் பசை. கிறவலுக்கு ரோட்டில் கிடக்கிற கிறவலையே அள்ளிச் சீலையில் அரித்துத் தூவும், அதற்கு மேல் பெயின்ற் எதற்கு?

இனிப் பனை. எல்லாரும் விடுகிற பிழை, மரத்தைக் குட்டையாகச் செய்வது. 15 மீற்றர்ப் பனை உம்முடைய அளவில் 17 சென்ரிமீற்றருக்கு மேல் வரும். ஸ்டேசன் கூரையை விட மூன்று மடங்கு உயரம். பார்க்கக் கூடிப்போன மாதிரி இருக்கும், ஆனால் வெளியே போய் நிமிர்ந்து பாரும், சரியாகத்தான் இருக்கும்.

மூங்கிலைச் சீவி அடியில் ஐந்து மில்லிமீற்றர், நுனியில் நாலு வருகிற மாதிரி எடும். கம் பூசித் தையல் நூலை நெருக்கிச் சுற்றும். காய்ந்த பிறகு சாம்பல் நிறம் அடித்தால் மட்டை விழுந்த வளையங்கள் தானாகத் தெரியும். ஓலைக்குப் பழைய கொப்பித் தாளில் ஒன்றரைச் சென்ரிமீற்றர் வட்டம் வெட்டி, விளிம்பைச் சுற்றிக் கீறி, விசிறி மாதிரி மடித்து, மெல்லிய கம்பியில் ஒட்டும். ஒரு மரத்துக்கு முப்பது போதும். அதில் ஏழெட்டை மண்ணிறமாக்கிக் கீழே தொங்கவிடும். காவோலை இல்லாத பனை கடையில் வாங்கின பனை!

கல்லு விசயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். கொக்கிளாய்ப் பக்கம் போனபோது ஒரு போத்தல் கடல் மணல் அள்ளி வந்து கழுவிப் போட்டேன். கருமை கலந்து நல்ல வடிவு. மூன்றாம் நாள் எஞ்சின் முனகியது, பிறகு நின்றது. கழற்றிப் பார்த்தால் மோட்டர்க் காந்தம் முழுக்கக் கறுப்பு மீசை. பக்கத்துப் புல்மோட்டை, இல்மனைற் என்கிற இரும்பு கலந்த கருமணலுக்குப் பேர்போன கடற்கரை அல்லவா, அந்தக் கருமணல் காந்தத்துக்கு ஓடி வரும். ஆகவே எந்த மணலையும் காந்தத்தால் ஒருதரம் தடவிப் பாரும்.

சீமெந்துக் கல் அரிகிற இடத்தில் கருங்கல் தூள் கேளும், ஒரு சிரட்டை சும்மா தருவார்கள். ஆற்று மணல் உருண்டை, இது மூலை மூலையாய் இருக்கும். ஐந்து சென்ரிமீற்றர்க் கல்லு உம்முடைய அளவில் அரை மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூட. தேத்தண்ணி வடியில் விழுவதை எடுத்து, தூசியைச் சீலையில் அரித்துக் கொட்டும். உலர்ந்தபடி தூரிகையால் பரப்பி, பாத்திரம் கழுவுகிற சோப்பு ஒரு சொட்டு விட்ட தண்ணீரை விசிறும். பிறகு பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த கம்மைச் சிரிஞ்சால் விடும். சோப்பு விடாவிட்டால் கம் துளி துளியாக நின்று கல்லில் குழி தோண்டும்.

வேலிக்குக் காய்ந்த வாழைச் சருகு. 17 மில்லிமீற்றர் அகலத்தில் கீலம் கீலமாக வெட்டினால் ஓலை வேலியேதான்.

யாழ்தேவி 56:
அண்ணை சொன்னதெல்லாம் சரி. ஒன்று மட்டும்: எந்தக் காலத்து மாங்குளம்? சண்டையில் ரயில் நின்ற 1990க்கு முந்தியது என்றால் தண்டவாளத்துக்குக் கீழே குறுக்கே மரச் சிலிப்பர்க் கட்டை, மண்ணிறம் அடியுங்கள். அந்தச் சிலிப்பர்கள் எல்லாம் பிறகு பங்கருக்கு, பதுங்குகுழிக்கு, போனது உங்களுக்கும் தெரியும். 2013இல் கிளிநொச்சிக்குத் திரும்ப ரயில் வந்தபோது கீழே கொங்கிறீற் இருந்தது, அதற்குச் சாம்பல். இன்னொன்று, எங்களுடைய பாதை 1676 மில்லிமீற்றர் அகலம், 1:87இல் 19 மில்லிமீற்றர் வரவேண்டும். உங்கள் செட் 16.5தான். அதை மாற்றப் போனால் செலவு வேறு மாதிரி, பேசாமல் விடுங்கள்.

பரந்தன் பொடியன்:
நன்றி அண்ணைமார். எண்பதுகள்தான் செய்கிறேன், அப்பா கொழும்பு-யாழ்ப்பாணம் ஓடின யாழ்தேவி ரயில் ஏறின காலம். முதல் பனை முடிந்தது, ஓலை வெட்டவே இரண்டு இரவு போனது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார். நல்லது கெட்டது ஒன்றும் சொல்லவில்லை. “முட்டி எங்கை?” என்று மட்டும் கேட்டார். கள்ளு முட்டிக்கு மிளகு கட்டலாமா?

பழைய தச்சன்:
மிளகு அந்த அளவில் கிடாரம். கடுகு காணாது. கொத்தமல்லி கட்டும்.