அரசுப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன், எந்தச் சங்கத்தில் சேரலாம்?

மலர்_இடைநிலை:
ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்திருக்கிறேன். வந்த வேகத்தில் ஒவ்வொரு சங்கமும் சந்தா ரசீதுப் புத்தகத்தோடு வந்துவிட்டது, டைரியும் காலண்டரும் தருகிறார்களாம். பள்ளியில் தலைமையாசிரியரும் நானும் மட்டும்தான். அவர் இருக்கும் சங்கத்திலேயே என்னையும் சேரச் சொல்கிறார். சங்கம் நமக்கும் பள்ளிக்கும் உண்மையில் என்ன செய்யும், எதைப் பார்த்துச் சேர்வது?

பழைய_வாத்தியார்:
கண்டிப்பாகச் சேருங்கள் டீச்சர். 2003 வேலைநிறுத்தத்தில் அரசு ஊழியர், ஆசிரியர் என்று சுமார் 1.7 லட்சம் பேரை ஒரே வீச்சில் வீட்டுக்கு அனுப்பினார்கள், உச்ச நீதிமன்றமும் வேலைநிறுத்தம் செய்ய உரிமை இல்லை என்று சொல்லிவிட்டது, அப்படியும் பெரும்பாலோர் திரும்ப வேலைக்கு வந்தார்கள் என்றால் சங்கங்கள் ஒன்றாக நின்றதும் ஒரு காரணம். உங்கள் சம்பளத்தையே எடுங்கள். 31.5.2009 வரை சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8,370, மறுநாள் சேர்ந்தவருக்கு 5,200. ஒரே வகுப்பு, ஒரே வேலை. இதை இன்றுவரை விடாமல் கேட்பது யார்?

கரும்பலகை:
சார் சொல்வது பெரிய விஷயம், எனக்கு உதவியது சின்ன விஷயத்தில். பணிப்பதிவேட்டில் ஈட்டிய விடுப்பை வரவு வைக்காமலே விட்டிருந்தார்கள், அலுவலகத்தில் கேட்டால் அடுத்த வாரம் வாங்க என்பார்கள். எங்கள் வட்டாரச் செயலாளர் அரசாணை நகலோடு கூடவே வந்தார், பதிவேட்டைப் புரட்டி விடுபட்ட பக்கத்தைக் காட்டினார், அன்றைக்கே பதிவு போட்டுக் கையெழுத்தும் ஆகிவிட்டது. தேர்வுநிலை ஊதிய உயர்வு, வருங்கால வைப்பு நிதி முன்பணம் எல்லாமே இப்படித்தான். அதனால் மாநிலத் தலைவர் யார் என்று பார்க்காதீர்கள், உங்கள் வட்டாரத்தில் போன் எடுக்கிறவர் யார் என்று விசாரியுங்கள்.

ஈராசிரியர்பள்ளி:
இரண்டு பேரும் சொல்வது சரி, ஆனால் டீச்சர் பள்ளிக்கு என்ன செய்யும் என்றும் கேட்டிருக்கிறார். அங்கேதான் எனக்கு வருத்தம். பதவி உயர்வு முன்னுரிமையை ஒன்றிய அளவிலிருந்து மாநில அளவுக்கு மாற்றிய அரசாணை 243 வந்தபோது டிட்டோஜாக் என்ற தொடக்கப் பள்ளி ஆசிரியர் சங்கங்களின் கூட்டுக் குழுவாக எல்லாரும் ஒன்று கூடினார்கள், வேண்டியதுதான், தூர மாவட்டத்துக்குப் போக முடியாமல் பதவி உயர்வையே எழுதிக்கொடுத்துவிட வேண்டிய நிலை பல பெண் ஆசிரியர்களுக்கு வரும். 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருக்கிறவர்கள் டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வை எழுதித் தேற வேண்டும் என்றபோதும் அதே வேகம். அந்த வேகத்தை, ஐந்து வகுப்பையும் இரண்டு பேர் வைத்து நடத்தும் பள்ளிகளுக்கும், எமிஸ் இணையதளத்தில் பள்ளி, மாணவர் விவரம் பதிவதில் கரையும் பாட நேரத்துக்கும் காட்ட வேண்டும் என்பது என் ஆசை. கோரிக்கைப் பட்டியலில் இதெல்லாம் இருக்கும்தான், பேச்சுவார்த்தையில் கடைசிக்குப் போய்விடுகிறது.

ஒரு வட்டாரக் கூட்டத்துக்குச் சும்மா போய் உட்காருங்கள். ஊதியம் பேசி முடித்த பிறகு காலிப் பணியிடம், சேர்க்கை பற்றி யாராவது வாயைத் திறக்கிறார்களா என்று பாருங்கள். திறந்தால் அங்கே சேருங்கள். உங்கள் தலைமையாசிரியரிடமும் கூட்டத்துக்கு வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் சார் என்று சொல்லலாம், தப்பாக நினைக்க மாட்டார்.