லதா இல்லை, கீதா தத்

குழு: தாராவி வீடு
புதன், இரவு 8.07

செல்வி அத்தை: (பலமுறை ஃபார்வர்ட் செய்யப்பட்டது) லதா மங்கேஷ்கரின் சாகாவரம் பெற்ற சோக கீதம்! ‘வக்த் நே கியா க்யா ஹஸீன் சிதம்’. கேட்டால் கண்ணீர் நிச்சயம். 10 பேருக்கு அனுப்புங்கள் 🙏

பெரியப்பா: செல்வி, அது லதா இல்லை.

செல்வி அத்தை: அப்படித்தாண்ணே எனக்கு வந்துச்சு

பெரியப்பா: வந்ததெல்லாம் சரியாயிருமா? பாடினது கீதா தத். படம் ‘காகஸ் கே ஃபூல்’, 1959. எஸ்.டி. பர்மன் மெட்டு, கைஃபி ஆஸ்மி எழுதினது. லதா பெரிய பாடகி, யார் இல்லைன்னா? அவங்களுக்கு ஆயிரக்கணக்குல பாட்டு இருக்கு. இந்தம்மாவுக்கு இருக்கிற கொஞ்சத்தையும் பிடுங்கி அங்க கொடுக்கணுமா?

நித்யா: பெரியப்பா டைப் பண்ண ஆரம்பிச்சாச்சு. எல்லாரும் சாப்பிட்டு வந்துருங்க

முருகன் சித்தப்பா: 😂😂

கவின்: அந்த சீன் போன வாரம் ரீல்ஸ்ல பாத்தேன் பெரியப்பா. காலி ஸ்டுடியோ, மேல இருந்து தூண் மாதிரி ஒரு வெளிச்சம். ரெண்டு பேரும் வாயே அசைக்கல, பாட்டு பின்னாடி ஓடுது

பெரியப்பா: கேமரா வி.கே. மூர்த்தி, மைசூர்க்காரர். வெயிலைக் கண்ணாடியில பிடிச்சு உள்ள திருப்பிவிட்டு எடுத்த வெளிச்சம் அது. நம்ம நாட்டோட முதல் சினிமாஸ்கோப் படம். ஓடலை. அதுக்கப்புறம் அதை எடுத்த குரு தத் டைரக்டர்னு தன் பேரையே போட்டுக்கல.

செல்வி அத்தை: பாடினது குரு தத் சம்சாரம்தானே? நடிச்சது வஹீதா ரஹ்மான். அப்ப அந்தக் கதை...

பெரியப்பா: அந்தக் கதை வேண்டாம்.

செல்வி அத்தை: நான் ஒண்ணும் சொல்லலையே

பெரியப்பா: மூணு புள்ளி வச்சியே, அதுலயே எல்லாம் சொல்லிட்ட. கீதா தத்னாலே எல்லாரும் அங்கதான் போறாங்க. புருஷன், குடி, கண்ணீர். பாட்டைக் கேக்கறதுக்கு முன்னாடியே ‘பாவம் அந்தம்மா’ன்னு ஆரம்பிச்சுர்றது. பாவம்னு முடிவு பண்ணிட்டுக் கேட்டா குரல்ல உள்ள குறும்பு காதுல விழாது.

நித்யா: இந்தப் பாட்டுல என்ன குறும்பு பெரியப்பா? சோகம்தானே?

பெரியப்பா: இதுல இல்லை. ‘பாபுஜி தீரே சல்னா’ கேளு. ‘ஆர் பார்’ படம், 1954, ஓ.பி. நய்யார் இசை.

கவின்: அது க்யூபாக்காரங்க பாட்டு ‘கிஸாஸ்’ மெட்டு மாதிரியே இருக்கும்ல?

பெரியப்பா: மெட்டு எங்கிருந்து வேணா வரட்டும்ல. பல்லவியில ‘படே தோகே ஹைன்’னு வரும். இந்த வழியில ஏமாத்து நிறைய இருக்குன்னு அர்த்தம். அதுக்கு முன்னாடி ஒரு ‘ஹாங்’ போடுவாங்க பாரு. அந்த ‘ஹாங்’ கீதா தத்தோட சொந்தச் சொத்து. தெருவுல போறவனைத் திண்ணையில இருந்து ஒருத்தி எச்சரிக்கிற மாதிரி இருக்கும். எச்சரிக்கிறாளா, வான்னு கூப்பிடுறாளான்னு உனக்கே சந்தேகம் வரும்.

முருகன் சித்தப்பா: அண்ணே, அப்பா!!

பெரியப்பா: அதைத்தான் சொல்ல வந்தேன். நீயே சொல்லு.

முருகன் சித்தப்பா: நீங்க சொல்லுங்க. எனக்கு ஞாபகம் அரைகுறை

பெரியப்பா: பிள்ளைகளுக்காகச் சொல்றேன். நம்ம சந்துல சாக்கடை மேல பலகை போட்டிருக்கும். மழைக்காலத்துல வழுக்கும். தாத்தா தோல் ஷாப்புல இருந்து கூட்டாளிகளோட வருவாங்க. யாராவது பலகையில கால் வச்சாப் போதும், மத்தவங்க எல்லாரும் சேர்ந்து ‘பாபுஜி தீரே சல்னா’ம்பாங்க. தாத்தாவுக்கு இந்தியில கூலிக்கணக்கு தெரியும், வசவு தெரியும், அதுக்கு மேல இந்த ஒரு வரி தெரியும். அர்த்தம் சரியாப் பொருந்துச்சு பாரு, ஐயா மெல்லப் போங்க.

நித்யா: 😂 தாத்தா பாடுவாங்களா!

பெரியப்பா: பாட்டுன்னு சொல்ல முடியாது. திருநெல்வேலி இந்தி. ‘தீரே’ல ரெண்டு கடமுடா இருக்கும்.

கவின்: அப்பல்லாம் பாட்டு எங்க கேப்பீங்க? வீட்ல ரேடியோவா?

பெரியப்பா: வீட்ல ஏது. முக்குல ஈரானி ஹோட்டல்ல இருந்துச்சு. புதன்கிழமை ராத்திரி 8 மணிக்கு பினாகா கீத்மாலா, இந்திப் பாட்டு நிகழ்ச்சி, நடத்தினது அமீன் சயானி. டீ வாங்காம நின்னா விரட்டுவான். நாலு பேருக்கு ஒரு டீ சொல்லிட்டு நிப்போம். இதுல வேடிக்கை என்னன்னா, 1952ல கேஸ்கர்னு மந்திரி, சினிமாப் பாட்டு தரக்குறைவுன்னு ஆகாசவாணியில இருந்து விரட்டிட்டார். எல்லாரும் ரேடியோ சிலோனுக்கு ஓடிட்டாங்க. பம்பாய்ல பதிவான பாட்டை பம்பாய்ல இருந்த நாங்க கொழும்பு வழியாக் கேட்டோம்.

நித்யா: அட, இன்னிக்கும் புதன்கிழமைதான். மணி எட்டரை

செல்வி அத்தை: எனக்கு ‘ந ஜாவோ சையான்’தான் பிடிக்கும். மீனா குமாரி அந்தக் கட்டில்ல உக்காந்துகிட்டு. சொன்னா அண்ணன் திட்டுவார்

பெரியப்பா: திட்டலை. நல்ல பாட்டு. ‘சாஹிப் பீபி அவுர் குலாம்’, 1962, ஹேமந்த் குமார் இசை. புருஷனைத் தாசி வீட்டுக்குப் போகவிடாம வீட்ல இருத்தி வைக்கறதுக்காகக் குடிக்கக் கத்துக்கிட்ட பொண்டாட்டி பாடறது.

கவின்: இப்பத்தான் தேடிப் பாத்தேன். மீனா குமாரி இறந்தது 1972 மார்ச் 31. கீதா தத் அதே வருஷம் ஜூலை 20. ரெண்டு பேருக்குமே கல்லீரல் நோய். பாட்டுக்கு முகம் கொடுத்தவங்களும் குரல் கொடுத்தவங்களும் நாலு மாசத்துக்குள்ள போயிட்டாங்க

செல்வி அத்தை: ஐயோ

செல்வி அத்தை: கீதாவுக்கு என்ன வயசு

கவின்: 41

முருகன் சித்தப்பா: 😔

பெரியப்பா: கவின், நீ தேடினது சரிதான். எனக்கும் தெரியும். அதனாலதான் அந்தப் பாட்டை நான் அடிக்கடி போடறதில்ல. போட்டா பாட்டு கேக்காது, இதுதான் கேக்கும்.

இந்தச் செய்தி நீக்கப்பட்டது

நித்யா: என்ன டெலீட் பண்ணீங்க பெரியப்பா

பெரியப்பா: ஒண்ணுமில்ல, எழுத்துப் பிழை.

பெரியப்பா: கீதாவோட முதல் படம் 1946, ‘பக்த பிரஹலாத்’. கோரஸ்ல ரெண்டு வரி. 15 வயசுப் பிள்ளை. அந்த ரெண்டு வரியைக் கேட்டுட்டு எஸ்.டி. பர்மன் அடுத்த வருஷம் ‘தோ பாய்’ படத்துல பெரிய பாட்டையே தூக்கிக் கொடுத்தார். அழுகைப் பாட்டு. அப்புறம் ‘ஜோகன்’, மீரா பஜன். சரி, இந்தப் பிள்ளைக்கு பஜனையும் அழுகையும்தான்னு எல்லாரும் எழுதி மூடியிருப்பாங்க. 1951ல ‘பாஸி’ வந்துச்சு. கவிஞர் சாஹிர் கஜலா, அதாவது உருதுக் கவிதையா எழுதிக் கொடுத்ததை பர்மன் கிளப் டான்ஸ் மெட்டாக்கிட்டார். பஜன் பாடின அதே தொண்டை ‘தத்பீர் ஸே பிகடி ஹுயி’ன்னு கிடாரோட இறங்குது. கேளு, யாரும் தொண்டையை மாத்திக்கிட்டுப் பாடின மாதிரியே இருக்காது. பேசிட்டே இருந்தவங்க அப்படியே பாட்டுக்குள்ள போயிட்ட மாதிரி இருக்கும்.

நித்யா: இதை ஆடியோவாவே அனுப்பியிருக்கலாம் 😅

கவின்: நான் ஹெட்ஃபோன்ல கேட்டுட்டு இருக்கேன். பெரியப்பா, கடைசியாப் பாடினது எது?

பெரியப்பா: கடைசிக்குக் கடைசின்னா ‘அனுபவ்’, 1971. கனு ராய் இசை, குல்ஸார் எழுதினது. பெரிய ஆர்க்கெஸ்ட்ரா கிடையாது, குரல் பக்கத்துல வந்து உக்காந்துக்கும். ‘முஜே ஜான் ந கஹோ மேரி ஜான்’. என்னை உயிர்னு கூப்பிடாதே, உயிர் எங்க நிலைச்சு நிக்குதுங்கறாங்க. மறு வருஷம் ஆளே இல்லை. நியாயமா இதைக் கேட்டு நான் அழணும். அழுகையே வராது. பக்கத்துல படுத்திருக்கிறவனைச் சீண்டற மாதிரிப் பாடியிருக்காங்க.

8.58

கவின்: கேட்டேன்

கவின்: ரெண்டு தடவை

பெரியப்பா: ம்.

செல்வி அத்தை: அண்ணே, அம்மா முழிச்சுதான் இருந்தாங்க. ‘பாபுஜி’ போட்டுக் காதுகிட்ட வச்சேன்

பெரியப்பா: என்ன சொன்னா?

செல்வி அத்தை: முழுசாக் கேட்டாங்க. ‘இது அவர் பாட்டுல்லா’ன்னாங்க

செல்வி அத்தை: அப்புறம், ‘உங்கப்பா பாடினது இதைவிட நல்லாருக்கும்’னாங்க

முருகன் சித்தப்பா: 😂😂😂

பெரியப்பா: அது பச்சைப் பொய்.