எக்ஸ்ட்ரா அன்யெஹோ டெக்கிலா: மர வாசனையைத் தாண்டி எப்படிச் சுவைப்பது?

வணக்கம் நண்பர்களே. வேலை விஷயமாக மெக்சிகோவின் குவாதலஹாராவில் இருக்கிறேன். இங்கே ஒரு சிறிய வடிசாலையில் எக்ஸ்ட்ரா அன்யெஹோ (பீப்பாயில் நீண்ட காலம் ஊறிய டெக்கிலா வகை) ஒன்று வாங்கினேன். நீலக் கத்தாழையின் தண்டைச் செங்கல் அடுப்பில் வேகவைத்து, தஹோனா என்ற கல்சக்கரத்தில் நசுக்கி, புளிக்கவைத்து வடித்து, ஓக் பீப்பாயில் 5 வருடம் ஊறவிட்டது. சட்டப்படி 3 வருடமே போதும். இந்த வகையே 2006-ல்தான் வந்தது.

சிக்கல் என்னவென்றால், முதல் மடக்கிலேயே வெனிலா, கேரமல், அப்புறம் நாக்கைப் பிடிக்கும் மரத்துவர்ப்பு. வெந்த கத்தாழையின் வாசனை, சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கு போல, கோப்பையில் கொஞ்ச நேரம் கிடந்தபின்தான் எட்டிப்பார்க்கிறது. உடனே போய்விடுகிறது.

அதை எப்படிப் பிடிப்பது? வாய் குறுகிய கோப்பையா, அகன்றதா? இரண்டு சொட்டு தண்ணீர் விடலாமா? (உப்பும் எலுமிச்சையும் சொல்பவர்கள் மன்னிக்கவும், இதற்கு அது பாவம்.)

இன்னொன்று: கேரமல், கிளிசரின், ஓக் சாறு, சர்க்கரைப் பாகு எல்லாம் 1 சதவீதத்துக்குள் இருந்தால் லேபிளில் சொல்லாமலே சேர்க்கலாமாம். '100% அகாவே' (முழுக்கக் கத்தாழைச் சர்க்கரையில் செய்தது) என்று போட்ட பாட்டிலிலும்கூட. இந்த இனிப்பு பீப்பாயிலிருந்து வந்ததா, பாகிலிருந்தா என்று நாக்கால் கண்டுபிடிக்க வழி உண்டா? குடித்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்.