அரிசி ஆலை மீற்றர் தரவு அறுபடுகிறது, யோசனை சொல்லுங்கோ

வணக்கம். கிளிநொச்சிப் பக்கம் ஒரு அரிசி ஆலை. நெல் இல்லாமல் மோட்டர் சும்மா ஓடும் நேரமும், ஒரு தொன்னுக்குப் போகும் மின் யூனிற்றும் அறிய 4 மோட்பஸ் மீற்றர் (அளவை வயர் வழியாகத் தரவாக அனுப்பும் மின்மானி) பூட்டியிருக்கு.

உமி விசிறியின் வேகக்கட்டுப்படுத்தி ஓடத் தொடங்கினால் தரவு அறுபடுகிறது. தரவு வயர் 60 மீற்றர் நீளம், முறுக்கிய சோடி, இரு முனையிலும் 120 ஓம் தடை போட்டிருக்கு. தரவு வேகத்தை வினாடிக்கு 9600 பிட்டுக்கு இறக்கியும் பலனில்லை. தரவு வயர் மோட்டர் கேபிளோடு ஒரே குழாயில் போவதுதான் காரணமா? கவச வயர் போட்டு ஒரு முனையை மட்டும் எர்த் பண்ணினால் போதுமா?

இன்னொன்று: உலர்த்தியில் இருந்து சூடாக வரும் நெல்லுக்கு ஈரப்பதமானி 14 சதவீதத்தைச் சரியாகக் காட்டுமா, ஆறவிட்டுத்தான் அளக்கவேணுமா? கூடக் காய்ந்தால் உலர்த்த எரித்த உமியும் வீண், அரிசியும் உடையும்.