பொண்டோக் போலிஸ தொறக்கணுமா, ரோந்து காடிய கூட்டணுமா?

தோட்டத்துப்_பையன்:
பாசார் பக்கத்துல பூட்டிக் கெடக்கே பொண்டோக் போலிஸ், அந்தச் சின்ன போலிஸ் சாவடி, அதை மறுபடி தொறக்கச் சொல்லி கையெழுத்து வாங்கறாங்க, நான் போட்டுட்டேன். போன மாசம் பக்கத்து வீட்டு பாட்டி சங்கிலிய மோட்டோல வந்தவன் அத்துக்கிட்டு போய்ட்டான், ரிப்போர்ட் பண்ண 18 கிலோமீட்டர் போனோம், அதுவும் லோரிக்காரர் ஒருத்தர் ஏத்திக்கிட்டதால.

பால்மரம்58:
நான் போடல தம்பி. பொண்டோக்ல ஒருத்தன உக்கார வச்சா ரோட்டுல ஒருத்தன் கொறையறான், அவ்ளோதான் கணக்கு. உள்ள தனியா இருக்கறவன் கதவ பூட்டிட்டு திருடன தொரத்துவானா? கட்டடத்துக்கு கொட்டற காசுல இன்னொரு எம்பிவி (போலிஸ் ரோந்து கார்) குடுக்கட்டும், ராத்திரி நீல லைட்ட பாத்தாலே செம்பனைக் குலை திருடறவன் ஓடுவான்.

லயத்து_மருமக:
அண்ணே, என் தம்பி வேற ஊர்ல கான்ஸ்டபிள், எம்பிவி ஓட்டறான். ரெண்டு பேரு காடில, டவுன், கம்போங், அஞ்சாறு தோட்டம் எல்லாம் அவனுங்க தலைலதான், நகைக்கடைல தொங்கற ரோந்து புக்குல சைன் போட்டுட்டு கெளம்பும்போதே வயர்லெஸ் கூப்புடும். ஒண்ணுக்கு வந்தா பெட்ரோல் ஸ்டேஷன், அதுவும் நைட்ல பூட்டிருந்தா செம்பனைக்குள்ளதான். மாமாக் கடைல 10 நிமிஷம் உக்காந்தா போட்டோ எடுத்து வாட்சப்ல போடறது யாரு, நம்ம ஆளுங்கதானே? மோட்டோ ரோந்துக்காரனுக்கு மழை வந்தா பஸ் ஸ்டாப்புதான். அவனுங்களுக்கு ஒரு டாய்லட், ஃபேன், ரிப்போர்ட் எழுத மேசை வேணாமா?

பால்மரம்58:
பாவம்தான்மா, இல்லைங்கல. ஆனா 2005லயே மலேசிய போலிஸ சீர்படுத்த வச்ச அரச ஆணையம் 125 பரிந்துரை குடுத்துச்சு, போலிஸ்காரங்க சம்பளம் வீடுன்னு எல்லாம் அதுல இருந்துச்சு, இன்னிக்கும் நாம டாய்லட் பத்தி பேசிக்கிட்டு இருக்கோம். கையெழுத்து வாங்கி தொறப்பாங்க, ஆறு மாசத்துல ஆள் பத்தலன்னு பூட்டுவாங்க. முன்ன நடந்ததும் அதான்.

கேட்_சாவி:
நான் தோட்டத்துல ஜாகா, காவல்காரன். காடியோ பொண்டோக்கோ, நீங்க ரெண்டு பேரும் விட்ட விஷயம் ஒண்ணு இருக்கு. 999க்கு அடிச்சா எங்கயோ இருக்கற சென்டர்ல எடுக்கறான், அட்ரஸ் கேக்கறான், லயத்து வீட்டுக்கு ஏதுங்க அட்ரஸ்? “மாரியம்மன் கோயில் தாண்டி ரெண்டாவது மண் ரோடு”ன்னா அவனுக்கு புரியுமா, மேப்லயும் வராது. போன வருஷம் எம்பிவி வந்துச்சு, தப்பான டிவிஷன் கேட்டுக்கு, சாவி என்கிட்ட, நான் இந்தக் கோடில. சுத்தி வர்றதுக்குள்ள அடிதடி முடிஞ்சு ஆளுங்க காப்பி குடிக்கறாங்க.

தோட்டத்துப்_பையன்:
அப்ப உள்ளூர் தெரிஞ்ச போலிஸ் பொண்டோக்ல இருந்தா அந்தப் பிரச்சனை வராதுல்ல? அதான் நான் சொல்றேன்!

பால்மரம்58:
உள்ளூர் தெரிஞ்சவன ரெண்டு வருஷத்துல மாத்திருவான், அப்புறம்? கேட்டுக்கெல்லாம் நம்பர் எழுதி, சாவி யார்கிட்ட இருக்கு, போன் நம்பர் என்னன்னு பாலாய்ல (போலிஸ் ஸ்டேஷன்ல) ஒரு காப்பி குடுங்க, பெயின்டு காசு நான் தர்றேன்.

லயத்து_மருமக:
அத செய்ங்க அண்ணே, நல்லதுதான். ஆனா கையெழுத்தும் போடுங்க, டாய்லட்டுக்காகவாச்சும்.

பால்மரம்58:
டாய்லட்டுக்கு மட்டும்னு தனியா பேப்பர் கொண்டாங்க, போடறேன்.

கேட்_சாவி:
எங்க தோட்டத்துல கேட்டு 7. சனிக்கெழம காலைல வாங்க, ஏணி என்கிட்ட இருக்கு.